வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கு உங்கள் மதிப்பெண் போதுமா? வட சென்னை மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"அக்கா, எனக்கு 7.4 சிஜிபிஏ. வெளிநாட்டில் எம்.எஸ். கிடைக்குமா?" ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, கடைசி ஆண்டு படிக்கிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். இதற்கு ஒரே வார்த்தையில் "கிடைக்கும்" என்றோ "கிடைக்காது" என்றோ சொல்கிறவரை நம்ப வேண்டாம். அதே 7.4 ஒரு நாட்டின் கணக்கில் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும். இன்னொரு நாட்டில் கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள், அங்கே அது நல்ல மதிப்பெண் ஆகிவிடும். வேறொரு நாட்டில் சராசரியை ஒரு முறை பார்த்துவிட்டு, எந்தப் பாடத்தில் என்ன வாங்கினீர்கள் என்று வரி வரியாகப் படிப்பார்கள்.

படித்து முடித்த பிறகு மதிப்பெண்ணை மாற்ற முடியாது. எந்த நாட்டுக்கு, எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்பது மட்டும் கடைசி வரை உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் மதிப்பெண் பட்டியலை நியாயமாகப் படிக்கக்கூடிய இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள், கன்சல்டன்சிக்குப் பணம் கட்டுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தத் தேடலுக்குத்தான். ஒரு விண்ணப்பத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் போகிற விஷயம் இது. நம் பகுதிக் குடும்பங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

படி 1: மதிப்பெண் பட்டியலை முதலில் நீங்கள் படியுங்கள்

எல்லா செமஸ்டர் தாள்களையும் எடுத்து வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். சிஜிபிஏ என்ற ஒற்றை எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு நோட்டில் மூன்று கணக்குப் போட வேண்டும்.

முதல் கணக்கு, செமஸ்டர் வாரியாக ஜிபிஏ. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியலுக்குப் போன பிள்ளைகளின் தாளில் ஒரே மாதிரியான கோடு தெரியும். முதல் இரண்டு செமஸ்டர் தடுமாறியிருக்கும், மூன்றாவதில் கால் ஊன்றியிருக்கும், ஐந்தாவதிலிருந்து ஏறியிருக்கும். அந்த ஏற்றம் உங்கள் சொத்து. சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் அதைக் கவனிப்பார்கள்.

இரண்டாவது கணக்கு, நீங்கள் மேற்கொண்டு படிக்கப் போகிற துறைக்கு நேரடியாகத் தொடர்புள்ள பாடங்களின் சராசரி. டேட்டா சயின்ஸ் படிக்கப் போகிறவருக்கு எம்1, எம்2 என்கிற கணிதப் பாடங்கள், நிகழ்தகவு, புள்ளியியல், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம் ஆகியவைதான் உயிர்நாடி. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் 'பி' வாங்கியதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. இயந்திர வடிவமைப்புக்குப் போகிறவருக்கு இது அப்படியே தலைகீழாகும்.

மூன்றாவது கணக்கு, எழுத்துத் தேர்வுப் பாடங்கள் தனி, லேப் தனி. லேபில் எல்லாம் 'ஓ', எழுத்துத் தேர்வில் எல்லாம் 'பி' என்றிருந்தால் சராசரி சற்று உயர்ந்து தெரியும். அனுபவமுள்ள கண் அந்த இடைவெளியை உடனே பிடித்துவிடும். எங்கே நிற்கிறோம் என்று உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

தாளின் பின்புறத்தையும் பாருங்கள். எந்த கிரேடுக்கு எத்தனை புள்ளி, தேர்ச்சிக்குக் குறைந்தது எவ்வளவு என்ற அட்டவணை அங்கே இருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் 'ஓ'வுக்கு 10 புள்ளி, அதிலிருந்து இறங்கி 'சி'க்கு 5 புள்ளி. அதற்கு முந்தைய 2017 விதிமுறையில் 'சி' என்ற கிரேடே இல்லை, தேர்ச்சியின் அடிமட்டம் 'பி', 6 புள்ளி. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஜெர்மனிக்குப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரியது என்பதை மூன்றாவது படியில் காட்டுகிறேன்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். முதுநிலைச் சேர்க்கையில் அவற்றுக்குப் பெரிய எடை இல்லை. சான்றிதழின் நகலைக் கேட்பார்கள், அவ்வளவுதான். பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண் நன்றாக இருந்தால் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு இல்லாமலேயே ஏற்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களும் உண்டு.

படி 2: உங்கள் பட்டம் மூன்றாண்டா, நான்காண்டா?

பி.இ., பி.டெக். படித்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி போன்ற இடங்களில் பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. படித்தவர்கள் நின்று படியுங்கள்.

பிரிட்டன் நம் மூன்றாண்டுப் பட்டத்தைத் தயக்கமின்றி ஏற்கிறது, அவர்களின் சொந்தப் பட்டமே பெரும்பாலும் மூன்றாண்டுதான். ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் சிக்கல் இல்லை. ஜெர்மனியில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அமெரிக்காவில்தான் கவனம் வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன. ஆனால் வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் 'வெஸ்' என்ற நிறுவனம், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் அங்கீகாரத்தில் 'ஏ' அல்லது அதற்கு மேல் பெற்ற நிறுவனம் வழங்கிய மூன்றாண்டுப் பட்டத்தை, முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ தேறியிருந்தால், அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமமாக மதிப்பிடுகிறது. மேலே சொன்ன கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, பல்கலைக்கழகம் 2023-இல் 'ஏ++' பெற்றிருக்கிறது. ஆக, கலைக் கல்லூரியில் படித்துவிட்டோமே என்று அமெரிக்காவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியதில்லை. நீங்கள் குறிவைக்கும் துறை வெஸ் மதிப்பீட்டை ஏற்கிறதா என்று மட்டும் மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி.யோ எம்.சி.ஏ.வோ இங்கேயே முடித்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது. ஐந்தாண்டுப் படிப்பு கையில் இருக்கிறது.

படி 3: எந்த நாடு உங்கள் தாளை எப்படிப் படிக்கும்?

ஜெர்மனியில் தொடங்குகிறேன். வட சென்னையிலிருந்து இப்போது அதிகம் பேர் விசாரிப்பது அதைத்தான், காரணமும் நியாயமானது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் வெளிநாட்டினரிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது.

ஜெர்மனியில் 1 என்பது மிக உயர்ந்த மதிப்பெண், 4 என்பது வெறும் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிகபட்சப் புள்ளியிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள். வந்ததை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம், இருவருக்கும் 7.6 சிஜிபிஏ. ஒருவரின் தாளில் தேர்ச்சிப் புள்ளி 5. பத்திலிருந்து 7.6 போனால் 2.4. அதை 5 ஆல் வகுத்தால் 0.48. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.44. இன்னொருவரின் தாளில் தேர்ச்சிப் புள்ளி 6. அதே 2.4-ஐ இப்போது 4 ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பது 0.6. முடிவு 2.8. பல முதுநிலைப் படிப்புகள் 2.5 என்று எல்லை வைத்திருக்கின்றன. முதல் ஆள் உள்ளே, இரண்டாவது ஆள் வெளியே. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களாகக்கூட இருக்கலாம்.

கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் இதே கணக்குதான். சென்னைப் பல்கலைக்கழக இளநிலைப் பட்டத்தில் 40 தேர்ச்சி மதிப்பெண். 68 விழுக்காடு வாங்கியவருக்கு 40 என்று வைத்துக் கணக்கிட்டால் 2.6 வரும். இணையத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு கால்குலேட்டரில் 50 என்று போட்டுவிட்டால் 2.92 காட்டும், பிள்ளை மனம் உடைந்துபோகும். அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி வரம்பைத் தாளைப் பார்த்துப் போடுங்கள். விண்ணப்பத்தோடு அந்த அட்டவணைப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். இறுதிக் கணக்கைப் போடுவது அவர்கள்தான், ஆனால் தாளில் இல்லாத எண்ணை ஊகிக்கும்படி அவர்களை விட்டுவிடக் கூடாது.

ஜெர்மனியில் எல்லையைத் தாண்டினால் மட்டும் போதாது. இளநிலையில் எந்தப் பாடத்தை எத்தனை கிரெடிட்டுக்குப் படித்தீர்கள் என்று பொருத்திப் பார்ப்பார்கள். கணிதத்தில் இத்தனை, நிரலாக்கத்தில் இத்தனை என்று நிபந்தனை இருக்கும். 8.8 வாங்கியவரும் இந்தப் பொருத்தம் இல்லாமல் திருப்பி அனுப்பப்படுவார். சிலபஸ் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அமெரிக்கா. அங்கே நான்கு புள்ளி அளவு, பெரும்பாலான இடங்களில் 3.0 என்பது வாசற்படி. கலிபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு இதைத் தன் குறைந்தபட்ச விதியாகவே வைத்திருக்கிறது. 7.4-ஐ 10 ஆல் வகுத்து 4 ஆல் பெருக்கினால் 2.96 வருகிறது, உடனே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் போடுகிற கணக்கு அல்ல. மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு பாடத்தின் கிரேடையும் தனித்தனியாக அமெரிக்க கிரேடாக மாற்றிப் பிறகுதான் சராசரி எடுக்கின்றன. நம் நாட்டில் 60 விழுக்காடு முதல் வகுப்பு என்பதும், 90 வாங்குவது அரிது என்பதும் அவர்களுக்குத் தெரியும். விண்ணப்பப் படிவம் மாற்றச் சொல்லிக் கேட்காத வரை, 7.4, பத்துக்கு என்று அப்படியே எழுதுங்கள். நீங்களே மாற்றி உயர்த்தி எழுதினால் பொய் சொன்ன பழி வரும், தாழ்த்தி எழுதினால் நஷ்டம் உங்களுக்கு.

அமெரிக்காவில் எம்.எஸ்.ஸும் பி.எச்டி.யும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை. கட்டணம் கட்டிப் படிக்கும் எம்.எஸ்.ஸில் மதிப்பெண்ணுக்கு எடை அதிகம். பி.எச்டி.க்கு உதவித்தொகையோடு எடுக்கிறார்கள், ஆகவே ஆராய்ச்சி செய்யத் தெரியுமா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இளநிலை முடித்தவுடன் நேராகப் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்க முடியும் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரிவதே இல்லை. நல்ல புராஜெக்ட் செய்து, வழிகாட்டிய பேராசிரியர் மனதாரப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தால், 8-க்குக் கீழே இருப்பவரையும் பேட்டிக்கு அழைக்கிறார்கள்.

முதல் ஆண்டில் விழுந்து பிறகு எழுந்தவர்களுக்குக் கனடா நல்ல இடம். அங்கே பல பல்கலைக்கழகங்கள் கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண்ணைத்தான் முதன்மையாகப் பார்க்கின்றன, டொராண்டோ பல்கலைக்கழகம் இறுதி ஆண்டில் நடுத்தர 'பி' கேட்கிறது. முதல் நான்கு செமஸ்டரில் 6.6, பின் நான்கில் 8.2 வாங்கிய ஒருவரின் மொத்த சிஜிபிஏ 7.4 அளவில் நிற்கும். கனடாவில் அவர் 8.2 வாங்கியவராகப் பார்க்கப்பட வாய்ப்பிருக்கிறது. ஆராய்ச்சி வழி முதுநிலைக்கு ஒரு பேராசிரியர் உங்களை ஏற்க முன்வர வேண்டும், அவருக்கு முன்கூட்டியே எழுதுவது உங்கள் பொறுப்பு.

பிரிட்டனில் படிப்பு ஓராண்டு, விதிகள் வெளிப்படை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இந்தியாவுக்கென்று தனிப் பக்கம் வைத்து, எத்தனை விழுக்காடு வேண்டும் என்று போட்டிருக்கும். படித்துவிட்டு முடிவெடுங்கள். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையைப் பல்கலைக்கழகப் பரிந்துரை வழியே பெற, மூன்று புள்ளி அளவில் 2.30 வேண்டும். கட்டணமும் இல்லை, மாதம் உதவித்தொகையும் உண்டு. நம் பக்கத்தில் அதிகம் பேர் முயலாத வழி இது.

படி 4: அரியர்

இதைப் பற்றி மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள். சத்தமாகவே பேசலாம். ஒன்றிரண்டு அரியர் வைத்து அடுத்த முறையே எழுதித் தேறியவர்கள் எத்தனையோ பேர் வெளிநாட்டில் படிக்கிறார்கள்.

மறைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது, முயலவும் கூடாது. ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் தாளில் பதிவாகியிருக்கும். முதல் செமஸ்டர் பாடம் நான்காவது செமஸ்டர் மாதத்தில் தேறியதாக இருந்தால் படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் எத்தனை அரியர் என்று கல்லூரியிடம் சான்றிதழே கேட்கின்றன. ஜெர்மனிக்கு விசா பெற 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், அந்த அலுவலகம் உங்கள் சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்க்கிறது. "மார்க் ஷீட்டைச் சரிசெய்து தருகிறேன்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பேச்சில் உங்கள் எதிர்காலமே போய்விடும்.

எந்தப் பாடத்தில் அரியர் என்பதுதான் எண்ணிக்கையைவிட முக்கியம். சுற்றுச்சூழல் அறிவியலில் விழுந்ததை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மெஷின் லேர்னிங் படிக்கப் போகிறவர் எம்2-வில் இருமுறை விழுந்திருந்தால், அந்தக் கணிதம் இப்போது தெரியும் என்பதற்குப் புதிய சான்று காட்ட வேண்டும். அது ஆறாவது படியில்.

படி 5: இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்களா?

மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் இருப்பவர்கள் கேட்பது, "இனிமேல் எவ்வளவு ஏற்ற முடியும்?" கணக்குப் போட்டுவிடலாம். மொத்தம் 165 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். 110 கிரெடிட் முடிந்து 6.8-இல் நிற்கிறீர்கள். மீதமுள்ள 55 கிரெடிட்டிலும் 8.5 வாங்கினால் முடிவில் 7.37 வரும். எட்டைத் தொட முடியாது. ஆனால் 7 என்ற கோட்டைத் தாண்டுகிறீர்கள், ஏறுமுகம் தெளிவாகத் தெரிகிறது, கடைசி ஆண்டு சராசரி 8.5 ஆகிறது. மூன்றுமே உங்களுக்குச் சாதகம்.

கிரெடிட் அதிகமுள்ள பாடத்துக்கு நேரம் அதிகம் கொடுங்கள். விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, எது சுலபம் என்று சீனியரைக் கேட்பதற்குப் பதிலாக, நீங்கள் போக விரும்பும் படிப்பின் நிபந்தனையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இறுதி ஆண்டு புராஜெக்டைக் கடையில் வாங்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. வெளிநாடு போக நினைப்பவர் அதைத் தொடவே கூடாது. கிரெடிட் அதிகம் என்பதோடு, கடிதத்துக்கும் பேட்டிக்கும் அதுதான் அடித்தளம்.

படி 6: மதிப்பெண் குறைவாக இருந்தால் எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

நான் முதலில் கேட்கச் சொல்வது வகுப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் சான்று. மணலியிலோ மாதவரத்திலோ இருக்கிற ஒரு சிறிய கல்லூரியின் பெயர் வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது என்பது நல்லதுதான். ஆனாலும் உங்கள் துறையில் முதல் மாணவரே 8.4 தான் என்றால், உங்கள் 7.9-க்கு அர்த்தமே வேறு. துறைத் தலைவர் தம் கடிதத்தில் "60 பேரில் நான்காவது" என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஏழெட்டு புகழுரைகள் செய்யாத வேலையை அது செய்யும்.

கடிதம் என்றதும் நம் கல்லூரிகளில் நடப்பது, மாணவரே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்குவது. ஒரே வார்ப்பில் வந்த கடிதங்களைச் சேர்க்கைக் குழுவினர் நிறையப் பார்த்திருக்கிறார்கள். சார், மேடம் யாராக இருந்தாலும் அருகில் உட்கார்ந்து, நீங்கள் செய்த புராஜெக்டையும் கேட்ட கேள்விகளையும் நினைவுபடுத்தும் குறிப்பு ஒன்றைக் கொடுத்து, அவர்கள் கைப்பட எழுதும்படி வேண்டிக்கொள்ளுங்கள். ஒரு மாத அவகாசம் கொடுங்கள்.

அடுத்து என்பிடெல். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இந்தப் பாடங்களைக் கேட்பது இலவசம், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம். எம்2-வில் தடுக்கி விழுந்தவர் நேரியல் இயற்கணிதத்தில் என்பிடெல் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினால், பழைய கிரேடுக்குப் பக்கத்தில் புதிய சான்று நிற்கிறது. மாதவரத்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பிள்ளைகள் பலர், வீட்டில் இடமும் அமைதியும் இல்லை என்று கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள்.

முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு பற்றிப் பலருக்குக் குழப்பம். 2023 செப்டம்பர் முதல் அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தேர்வு. அமெரிக்காவில் பல துறைகள் அதைக் கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டன. கட்டாயமில்லாத இடத்தில், 8.5-க்கு மேல் இருப்பவர் அந்தச் செலவைத் தவிர்க்கலாம். 7-க்கும் 7.5-க்கும் இடையில் இருப்பவர் எழுதினால் பயன் உண்டு, கணிதப் பகுதியில் 170-க்கு 165-ஐத் தாண்டினால் அனுப்புங்கள். கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். தயாராகாமல் எழுதிப் பார்க்கிற தேர்வு அல்ல.

வேலை அனுபவமும் ஈடுகட்டும். இரண்டு ஆண்டு துறை சார்ந்த வேலை செய்தவரின் முதல் செமஸ்டரை யாரும் துருவிப் பார்ப்பதில்லை.

படி 7: ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையில் (எஸ்ஓபி) மதிப்பெண்ணைப் பற்றி எழுதலாமா?

விளக்கம் தேவைப்படும் சரிவு இருந்தால் எழுதுங்கள். மூன்று, நான்கு வரிகள் போதும். என்ன நடந்தது, அதன் பிறகு மதிப்பெண் எப்படி ஆனது, அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை எல்லாம் தண்ணீரில் நின்றன. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. செமஸ்டர் தேர்வுகள் தள்ளிப்போயின. புத்தகங்களை நனையக் கொடுத்துவிட்டுத் தேர்வு எழுதிய பிள்ளையின் தாளில் அந்த ஒரு செமஸ்டர் மட்டும் இறங்கியிருந்தால், அதை எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை. தேதியும் உண்மையும் போதும்: புயலில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது, அந்த செமஸ்டரில் 6.5, அடுத்ததில் 8.1. இரக்கத்தைக் கேட்கும் சொற்கள் வேண்டாம், அந்த இரண்டு எண்களே பேசிவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதையும் தமிழ் வழியில் படித்ததையும் இதே நேரடித் தொனியில் எழுதுங்கள். "ஆசிரியர் சரியில்லை", "திருத்தியவர் கஞ்சத்தனமாகப் போட்டுவிட்டார்" போன்ற வரிகள், உண்மையாகவே இருந்தாலும், உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

படி 8: மதிப்பெண்ணும் பணமும்

சேர்க்கையில் 59-க்கும் 61-க்கும் பெரிய வேறுபாடு இல்லாமல் போகலாம். உதவித்தொகையில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பட்டியலின மாணவர்கள் உள்ளிட்டோருக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு இளநிலையில் 60 விழுக்காடு வேண்டும், 35 வயதுக்குள் இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் நடத்துகிறது, ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தகுதியிருந்தும் தகவல் தெரியாமல் இதை விடுகிற குடும்பங்கள் வட சென்னையில் இருக்கின்றன என்பது எனக்குப் பொறுக்கவில்லை. 58-இலும் 59-இலும் நிற்கிற மாணவர் யாராவது இருந்தால், கடைசி செமஸ்டரில் 60-ஐத் தொடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தருவது வங்கிகளின் பொது நடைமுறை. அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். வாரியக் குடியிருப்பிலும் பட்டா இல்லாத வீட்டிலும் இருப்பவர்கள் அங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். சில வங்கிகள் தாங்கள் வைத்திருக்கும் பட்டியலில் உள்ள சிறந்த பல்கலைக்கழகங்களுக்கு அடமானம் இல்லாமலே பெரிய தொகை தருகின்றன. உங்கள் மதிப்பெண் அப்படி ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தால் கடனும் சுலபமாகிறது. விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பட்டியலை வங்கியில் கேட்டு வாங்கி வாருங்கள்.

கட்டணமில்லாத ஜெர்மனிக்கும் கையில் பணம் காட்ட வேண்டும். முடக்கப்பட்ட கணக்கு (பிளாக்டு அக்கவுண்ட்) என்ற வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ போட வேண்டியிருக்கிறது.

படி 9: ஆவணங்களும் தேதிகளும்

அண்ணா பல்கலைக்கழகம் போக விம்கோ நகரிலிருந்து கிண்டி வரை இப்போது மெட்ரோவில் ஒரே ரயில், சேப்பாக்கத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகம் போக அரசினர் தோட்டத்தில் இறங்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் தரும் அதிகாரப்பூர்வ மதிப்பெண் ஆவணமான டிரான்ஸ்கிரிப்ட் வாங்கக் கடைசி வாரத்தில் ஓட வேண்டாம், இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் முதலில் கல்லூரித் தேர்வுப் பிரிவில் விசாரியுங்கள்.

பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். நம் தாள்களில் பெயருக்கு முன்னே இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பாவின் முழுப் பெயராக இருக்கும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஸ்கேன் செய்து தயாராக வைத்திருங்கள். விழுக்காடு கேட்கும் படிவங்களுக்குப் பல்கலைக்கழகத்தின் மாற்று விதி எதுவோ அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

அமெரிக்காவில் இலையுதிர்காலச் சேர்க்கைக்குக் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. அதாவது ஏழாவது செமஸ்டர் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விடும், ஆறாவது வரை உள்ள மதிப்பெண்தான் உங்களுக்காகப் பேசும். ஜெர்மனியின் குளிர்காலப் பருவத்துக்குச் சில இடங்களில் மார்ச்சிலேயே கெடு முடிகிறது, சில இடங்களில் மே 31, சில இடங்களில் ஜூலை 15. ஏபிஎஸ்ஸுக்கு 18,000 ரூபாய் கட்டணம், பல வாரங்கள் பிடிக்கும், ஆகவே அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போகும் விண்ணப்பங்களில் முதலாவதற்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ.

எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிப்பது? என் கணக்கில் ஆறு போதும். நிபந்தனையை வசதியாகத் தாண்டும் இடங்கள் இரண்டு, சரியாகப் பொருந்துவன மூன்று, எட்டிப் பிடிக்க வேண்டிய இடம் ஒன்று. பதினைந்து இடங்களுக்குப் போடச் சொல்லும் ஏஜென்ட், ஒரு இடத்தின் நிபந்தனையையாவது முழுமையாகப் படித்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

படி 10: சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு

கடிதத்தில் 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனிலிருந்து வரும் கடிதங்களில் இது மிகச் சாதாரணம்: இறுதி மதிப்பெண் இத்தனை விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, பட்டத்தை இந்தத் தேதிக்குள் காட்ட வேண்டும். கடிதம் கிடைத்த மகிழ்ச்சியில் எட்டாவது செமஸ்டரைக் கைவிடுபவர்கள் உண்டு. அதில் ஒரு அரியர் விழுந்தால், தேறுவதற்கு அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் அங்கே வகுப்பு தொடங்கிவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் ஒளிந்துகொள்ளாமல் அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். முன்பணம் கட்டியிருந்தால் அதன் நிலை என்ன என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வந்ததும் தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கும் அந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். விசா நேர்காணலுக்கு அசல் தாள்களோடு போக வேண்டும்.